குகை வாயிலில் இரும்பு மூடி: பிரிட்டனில் அனுமதி யார் கையில் இருக்கிறது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். ஷெஃபீல்டில் படிக்கிறீர்கள். டெர்பிஷைரின் கேஸில்டன் பக்கம் மலைநடை போனபோது புல்வெளி நடுவே ஓர் இரும்பு மூடியைப் பார்த்திருக்கிறீர்கள். அதைப் போட்டது ஒரு கேவிங் (குகைகளுக்குள் இறங்கிச் சுற்றும் பொழுதுபோக்கு) அமைப்பு என்று தெரிந்ததும், 'இயற்கை உண்டாக்கிய குகைக்கு ஒரு பொழுதுபோக்குச் சங்கம் எப்படி மூடி போடலாம்?' என்று கேட்கிறீர்கள். கூடவே, நண்பர்களோடு பக்கத்தில் உள்ள பழைய ஈயச் சுரங்கம் ஒன்றுக்குள் போக யாரிடம் அனுமதி கேட்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: நிலத்துக்குக் கீழே இருக்கும் வெற்றிடம் யாருடையது, அவர் சார்பில் பேச இந்தச் சங்கங்களுக்கு எங்கிருந்து அதிகாரம் வந்தது?

நான் யார்க்‌ஷயரில் பதினேழு வருடமாக ஒரு கேவிங் கிளப்பில் இருக்கிறேன். அதில் கடைசி சில வருடங்களாக எங்கள் கிளப்பின் பிரதிநிதியாக வட்டாரக் கவுன்சில் கூட்டங்களுக்குப் போகிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. சட்டம் பற்றிக் கீழே சொல்வதெல்லாம் அந்தக் கூட்டங்களில் உட்கார்ந்து கற்றது. நடைமுறை பற்றிச் சொல்வது என் கால்களும் முழங்கைகளும் கற்றது.

நிச்சயமாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மேலே நிலம் யாருடையதோ, பொதுவாகக் கீழே உள்ள குகையும் அவருடையதுதான். குகைக்கென்று தனிப் பட்டா கிடையாது. ஐந்து பண்ணைகளுக்கு அடியில் ஓடும் குகைக்கு ஐந்து உரிமையாளர்கள் இருக்கலாம். ஆனால் நடைமுறையில், வாயில் யார் நிலத்தில் இருக்கிறதோ அவர் சொல்தான் எடுபடும். அவர் அனுமதி இல்லாமல் உள்ளே போனால் அது அத்துமீறல். அது குற்றவியல் வழக்கு ஆகாது, உரிமையியல் விஷயம் மட்டுமே. ஆனால் பூட்டை உடைத்தால் அது குற்றம். உள்ளே உறங்கும் வௌவால்களைத் தொந்தரவு செய்தாலும் குற்றம், பாதுகாக்கப்பட்ட அறிவியல் தலமாக இருந்து கல்விழுதுகளைச் சேதப்படுத்தினாலும் குற்றம். ஆக, 'அத்துமீறல் குற்றமே இல்லையாமே' என்று யாராவது தைரியம் கொடுத்தால் அதை முழுதாக நம்ப வேண்டாம்.

இப்போது கவுன்சில்கள். நாடு முழுமைக்கும் பிரிட்டிஷ் கேவிங் அசோசியேஷன் இருக்கிறது. அதன் கீழே ஐந்து வட்டார அமைப்புகள்: வடக்கில் கவுன்சில் ஆஃப் நார்தர்ன் கேவிங் கிளப்ஸ், உங்கள் பக்கம் டெர்பிஷைர் கேவிங் அசோசியேஷன், வேல்ஸுக்குக் கேம்ப்ரியன் கேவிங் கவுன்சில், மெண்டிப் மலைகளை உள்ளடக்கிய தெற்குக்குக் கவுன்சில் ஆஃப் சதர்ன் கேவிங் கிளப்ஸ், தென்மேற்கு மூலைக்கு டெவன் அண்ட் கார்ன்வால் அண்டர்கிரவுண்ட் கவுன்சில். 'கீழே' என்று எழுதினேனே தவிர, இவை தலைமையகத்தின் கிளைகள் இல்லை. ஒவ்வொன்றும் அந்தந்த வட்டாரக் கிளப்கள் சேர்ந்து உருவாக்கியது. தங்கள் வட்டார விஷயத்தில் தாங்களே முடிவெடுப்பவை. சம்பளம் வாங்குபவர் யாரும் இல்லை. ஒரு செயலாளர், ஒரு பொருளாளர், நில உரிமையாளர்களோடு பேசும் ஒருவர், குகைப் பாதுகாப்பைப் பார்க்கும் ஒருவர், கயிறு கட்டப் பாறையில் பதித்த எஃகு வளையங்களைக் கவனிக்கும் ஒருவர். எல்லோரும் வார நாளில் வேறு வேலை பார்ப்பவர்கள்.

இவர்களுக்கு அரசு கொடுத்த அதிகாரம் எதுவும் இல்லை. கேள்வியின் மையமே இதுதான் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். எந்தச் சட்டமும் 'இந்தக் கவுன்சில் இந்தக் குகைக்குப் பொறுப்பு' என்று சொல்லவில்லை. ஒரு நில உரிமையாளர் 'நூறு கிளப்களோடு தனித்தனியாகப் பேச என்னால் முடியாது, யாராவது ஒருவர் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள்' என்கிறார். கவுன்சில் 'சரி, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்கிறது. அவ்வளவுதான் தொடக்கம். அவர் நாளைக்கே மனம் மாறினால் கவுன்சிலால் கெஞ்சத்தான் முடியும்.

அதனால்தான் ஒவ்வோர் இடத்திலும் ஏற்பாடு ஒவ்வொரு மாதிரி இருக்கும். வடக்கில் பல குகை வாயில்கள் க்ரௌஸ் பறவை வேட்டைக்கென்று பராமரிக்கப்படும் மேட்டுநிலங்களில் இருக்கின்றன. வேட்டைக் காலம் ஆகஸ்ட் 12 முதல் டிசம்பர் 10 வரை. அதற்கு முன், வசந்தத்தில் பறவைகள் தரையில் கூடு கட்டும், ஆடுகள் குட்டி போடும். எஸ்டேட்காரருக்கு வேண்டியதெல்லாம் எந்த நாளில் எத்தனை பேர் எந்தப் பாதையில் வருவார்கள் என்ற கணக்கு. அதனால் அங்கே முன்பதிவு முறை வந்தது. ஒரு காலத்தில் கிளப் செயலாளர் தபாலில் கடிதம் எழுதிப் பல வாரம் முன்னாலேயே சீட்டு வாங்க வேண்டும். இப்போது இணையத்தில் பதிவு செய்யலாம்.

மெண்டிப் பக்கம் போனால் கதையே வேறு. அங்கே சார்டர்ஹவுஸ் என்ற இடத்தில் உள்ள குகைகளுக்காகக் கிளப்கள் சேர்ந்து சார்டர்ஹவுஸ் கேவிங் கம்பெனி என்று ஒரு கம்பெனியே தொடங்கின. ஒப்பந்தத்தில் கையெழுத்திடச் சட்டப்படி ஓர் 'ஆள்' இருந்தால் நில உரிமையாளருக்கு வசதிதானே. ப்ரிடி கிராமத்தில் உள்ள செயின்ட் கத்பர்ட்ஸ் ஸ்வாலெட் குகைக்கு வழிகாட்டி இல்லாமல் போகவே முடியாது. பொறுப்பேற்ற கிளப் அங்கீகரித்த ஒருவர் கூட வர வேண்டும். குகைக்குள் அத்தனை அழகான, தொட்டாலே கறைபடும் கல் அலங்காரங்கள். ஆனால் அதே கிராமத்தில் உள்ள ஸ்வில்டன்ஸ் ஹோலுக்குப் பண்ணை வீட்டில் ஒரு பவுண்ட் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம் என்பது நெடுநாள் வழக்கம். ஒரே ஊர், நடந்து போகும் தூரம், இரண்டு விதமான ஏற்பாடு. தெற்கு வேல்ஸில் உள்ள ஓகோஃப் ஃபினன் தீ குகை ஒரு தேசிய இயற்கைக் காப்பகம். அங்கே கேவர்களும் அரசின் இயற்கை வளத் துறையும் உட்காரும் ஒரு நிர்வாகக் குழு சாவியைக் கவனித்துக்கொள்கிறது.

சரி, நீங்கள் பார்த்த மூடிக்கு வருவோம். டெர்பிஷைரில் ஈயம் தோண்டிய குழிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ரோமானியர் காலத்திலிருந்தே அங்கே ஈயம் எடுத்திருக்கிறார்கள். விவசாயி ஒருவரின் நிலத்தில் திடீரென்று பழைய குழி ஒன்று வாய் திறந்தால், அவர் முதலில் நினைப்பது ஒரு லாரி கல்லைக் கொட்டி மூடிவிட வேண்டும் என்பதுதான். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருடைய கன்று விழும், மலைநடை வருபவரின் நாய் விழும், பக்கத்து வீட்டுக் குழந்தை விழலாம். ஆனால் கல்லைக் கொட்டினால் அந்தச் சுரங்கமும் அதன் வழியாக மட்டுமே போகக்கூடிய குகையும் அதோடு போயிற்று. இந்த இடத்தில்தான் வட்டார அமைப்பு உள்ளே வருகிறது. 'கொட்டாதீர்கள். நாங்களே வந்து குழியின் வாயைச் சுற்றிக் கட்டி, மேலே இரும்பு மூடி போட்டுத் தருகிறோம்' என்கிறது. பல சனிக்கிழமைகள் சிமென்ட் மூட்டை சுமந்து, சேற்றில் நின்று போடுவது அந்த மூடி.

அப்படிப்பட்ட மூடிகளில் பல பூட்டப்பட்டிருக்காது. ஒரு குறிப்பிட்ட வகை ஸ்பானரால் திறக்கும் போல்ட் மட்டும் இருக்கும். 'டெர்பிஷைர் சாவி' என்பார்கள். அந்தப் பக்கத்துக் கிளப்களில் கேட்டால் கிடைக்கும். ஆட்டையும் குழந்தையையும் தடுத்தால் போதும், கேவரைத் தடுக்க வேண்டியதில்லை என்ற யோசனை. அந்த மூடி இல்லையென்றால் அங்கே நீங்கள் பார்த்திருக்கக்கூடியது வெறும் புல்தரைதான். எனக்கு இந்த மூடிகள்மீது ஒரு தனி மரியாதை உண்டு. ஒரு குகையை வரைபடத்தில் ஏற்றியவரின் பெயர் நிற்கும். மூடி போட்டவரின் பெயர் யாருக்கும் தெரியாது.

சுரங்கம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் குகையும் சுரங்கமும் ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள். சட்டத்திலும் வேறு, ஆபத்திலும் வேறு. சட்டத்தில், மேல்நிலம் ஒருவருடையதாகவும் கனிம உரிமை இன்னொருவருடையதாகவும் இருக்கலாம். டெர்பிஷைரில் இதற்கு ஒரு பழைய வரலாறு உண்டு. அங்கே ஈயச் சுரங்க வழக்குகளுக்கென்றே பார்மோட் என்ற நீதிமன்றம் இருக்கிறது. விர்க்ஸ்வொர்த் ஊரில் இன்றும் ஆண்டுக்கொரு முறை கூடுகிறது. ஈயத்தாதுவை அளக்க 1513-இல் செய்த வெண்கல அளவுப் பாத்திரம் ஒன்றை அங்கே வைத்திருக்கிறார்கள். நம்மூர் மரக்கால் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் 1954-இன் சுரங்க, குவாரிச் சட்டம். கைவிட்ட சுரங்கத்தின் வாயை உரிமையாளர் பாதுகாப்பாக அடைத்து வைக்க வேண்டும் என்கிறது. 1872-க்கு முன்பே கைவிடப்பட்ட பல உலோகச் சுரங்கங்களுக்கு அதில் விலக்கு உண்டு என்றாலும், சாலைக்கோ பொது இடத்துக்கோ அருகில் இருந்தால் விலக்கு செல்லாது. உரிமையாளர்கள் பயப்படுவதற்கு இப்படி நியாயமான காரணம் இருக்கிறது. அந்தப் பயத்தைக் குறைக்கத்தான் பிரிட்டிஷ் கேவிங் அசோசியேஷன் உறுப்பினர்களுக்குப் பொதுப் பொறுப்புக் காப்பீடு எடுத்து வைத்திருக்கிறது. ஒரு பண்ணைக்காரரின் சமையலறை மேசையில் உட்கார்ந்து பேசும்போது, அந்தக் காப்பீட்டுக் காகிதத்துக்கு இருக்கும் பலம் வேறு எந்தப் பேச்சுக்கும் கிடையாது.

ஆபத்து விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுகிறேன், மன்னியுங்கள். சுண்ணாம்புக் குகை பல்லாயிரம் ஆண்டுகளாகத் தண்ணீர் செதுக்கியது. நிற்க வேண்டிய பாறை பெரும்பாலும் நின்றுவிட்டது. அங்கே முதல் எதிரி வெள்ளம். 1967 ஜூன் 24 அன்று மாஸ்டேல் குகையில் திடீர் வெள்ளத்தில் 6 பேர் இறந்தார்கள். அவர்கள் உடல்கள் இன்றும் உள்ளேதான் இருக்கின்றன. சுரங்கம் அப்படி இல்லை. அது மனிதன் அவசரத்தில் வெட்டியது, மரத்தால் முட்டுக் கொடுத்தது. தாது எடுத்த பிறகு மிஞ்சிய கல்லை வெளியே கொண்டுபோகாமல், தலைக்கு மேலே மரக்கட்டைகளை வைத்து அதன்மேல் அடுக்கிவிட்டுப் போயிருப்பார்கள். அந்தக் கட்டைகளுக்கு இப்போது இருநூறு வயது இருக்கலாம். நீங்கள் நடக்கும் தரையே அப்படி ஒரு மக்கிய பலகைமேல் கொட்டிய மண்ணாக இருக்கலாம், கீழே நாற்பது மீட்டர் குழி. காற்றும் நம்பக்கூடியது இல்லை. மக்கும் மரமும் சில கனிமங்களும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். சாதாரணக் காற்றில் 20.9 விழுக்காடு இருக்க வேண்டிய ஆக்சிஜன் 19.5-க்குக் கீழே போனால் எங்கள் மீட்டர் கத்தும். கத்தினால் திரும்பி நடப்போம், விவாதம் கிடையாது. மூச்சு முட்டுவது போன்ற எச்சரிக்கை எல்லா நேரமும் வரும் என்று சொல்ல முடியாது, தலை கிறுகிறுத்து அப்படியே உட்கார்ந்துவிடுவீர்கள். பழைய நிலக்கரிச் சுரங்கம் என்றால் பேச்சே வேண்டாம், எட்டிக்கூடப் பார்க்காதீர்கள்.

வாயில்களில் போடும் கம்பிக் கதவுகள் வௌவாலுக்காகவும்தான். பிரிட்டனில் எல்லா வௌவால் இனங்களும் சட்டப் பாதுகாப்பில் இருக்கின்றன. குளிர்காலத்தில் அவை சுரங்கங்களிலும் குகைகளிலும் உறங்கும். நடுவில் எழுப்பினால் வசந்தம் வரைக்கும் சேர்த்து வைத்த கொழுப்பைச் செலவழித்துவிட்டுச் செத்துப்போகலாம். அதனால் கம்பிகளைப் படுக்கைவசத்தில், சுமார் 15 செ.மீ. இடைவெளி விட்டுப் பொருத்துவார்கள். வௌவால் பறந்து போகும், ஆள் நுழைய முடியாது. சில இடங்கள் குளிர்கால மாதங்களில் முழுக்க மூடியே இருக்கும்.

இதுவரை சொன்னது உறுதியானது. இனி, கேவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகாத இடத்துக்கு வருகிறேன். 2000-ஆம் ஆண்டு வந்த ஒரு சட்டம் மலை, மேட்டுநிலம், பொது மேய்ச்சல் நிலம் ஆகியவற்றில் எல்லோருக்கும் நடந்து திரியும் உரிமை கொடுத்தது. அதில் உள்ள சொல் 'திறந்தவெளிப் பொழுதுபோக்கு'. குகைக்குள் போவது திறந்தவெளியா? இங்கிலாந்தின் அரசு இயற்கை அமைப்பு, பகல் வெளிச்சம் எட்டும் தூரம் வரைக்கும்தான் அந்த உரிமை என்று பொருள் கொண்டது. கேவர்களில் ஒரு தரப்பு இதை ஏற்கவில்லை. மலையேறுபவனுக்கு இருக்கும் உரிமை எனக்கு ஏன் இல்லை என்கிறது. மூத்த வழக்கறிஞர் ஒருவர் கேவர்களுக்குச் சாதகமாகக் கருத்து எழுதினார். 2014-இல் தேசிய அமைப்பு உறுப்பினர்களிடம் வாக்கெடுத்தபோது பெரும்பான்மை இந்த உரிமைக்காகப் போராடலாம் என்றது. எதிர்த்தவர்களும் அறியாமல் எதிர்க்கவில்லை. பத்துப் பதினைந்து வருடம் ஒரு எஸ்டேட்காரரோடு தேநீர் குடித்துக் கட்டிய உறவை, 'சட்டப்படி எனக்கு உரிமை இருக்கிறது' என்ற ஒரு வாக்கியம் உடைத்துவிடும் என்று பயந்தார்கள். அந்தச் சட்டம் உரிமை கொடுத்த இடங்களில் பாறை, பள்ளம் போன்ற இயற்கையான நிலக்கூறுகளால் வரும் விபத்துக்கு நில உரிமையாளரின் பொறுப்பைக் குறைக்கவும் செய்கிறது, அதனால் அவருக்கும் இது நல்லதுதான் என்று முதல் தரப்பு பதில் சொல்லும். என் மனம் உரிமை கேட்பவர்கள் பக்கம்தான் சாய்கிறது. ஆனாலும் வாயிலில் நிற்கும்போது உரிமை பேசாமல் வணக்கம் சொல்வதுதான் எனக்குப் பழக்கம்.

இன்னொரு சண்டை இதைவிடக் கடுமையானது, அது கேவருக்கும் கேவருக்கும் நடந்தது. 1994-இல் தெற்கு வேல்ஸில் ஓகோஃப் ட்ரேனென் என்ற மாபெரும் குகை திறந்தது. ஒரே வாயில் போதும், உள்ளே போகும் தூரமே குகையைக் காக்கும் என்றார்கள் ஒரு சாரார். விபத்து நடந்தால் ஆளைத் தூக்கி வர இன்னொரு வாயில் வேண்டாமா, புதிய பகுதிகளைத் தேடுபவர்கள் அத்தனை மணி நேரம் தவழ்ந்துதான் போக வேண்டுமா என்றார்கள் மறுசாரார். பல வருடம் இது ஓடியது. இரண்டு பக்கமும் அந்தக் குகையை உயிராக நேசித்தவர்கள். அடிபட்டவரைத் தூக்கி வருவது எத்தனை பாடு என்பதை 2021 நவம்பரில் ஓகோஃப் ஃபினன் தீயில் பார்த்தோம். ஒருவரை வெளியே கொண்டுவர ஐம்பது மணி நேரத்துக்கு மேல் ஆனது. நாட்டின் பல மூலைகளிலிருந்து தன்னார்வலர்கள் வந்து முறைபோட்டுச் சுமந்தார்கள்.

நம்பிக்கை எப்படி உடைகிறது என்பதற்கு எங்கள் பக்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இடத்தின் பெயர் வேண்டாம். ஆடு குட்டி போடும் பருவத்தில் ஒரு குழு, அனுமதி கேட்காமல், ஒரு பண்ணை வழியாகப் போய்க் கதவைத் திறந்தபடி விட்டுவிட்டது. இரண்டு பண்ணைகளின் ஆடுகளும் கலந்துவிட்டன. எந்தக் குட்டி எந்தத் தாயுடையது என்று பிரிக்க அந்தக் குடும்பத்துக்கு ஒரு முழுநாள் ஆனது, அந்த வாரம் அவர்கள் ஏற்கெனவே தூங்காமல் இருந்தார்கள். மறுவாரம் குகை மூடப்பட்டது. திரும்பத் திறக்க இரண்டு வருடம் ஆனது. நானும் இன்னொருவரும் இடிந்த கற்சுவர் கட்ட இரண்டு முறை போனோம், ஒரு குளிர்காலத்தில் அந்தக் குடும்பத்தின் வாய்க்காலை வெட்டிக் கொடுத்தோம். குகை என்ற சொல்லையே எடுக்கவில்லை. கடைசியில் அந்தப் பண்ணை வீட்டு அம்மாதான் ஒருநாள், 'உங்கள் ஆட்கள் இப்போதெல்லாம் வருவதில்லையே' என்றார். அங்கிருந்துதான் பேச்சு மறுபடி தொடங்கியது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. நண்பர்களோடு நேரே அந்தச் சுரங்கத்துக்குப் போகாதீர்கள். உங்கள் பல்கலைக்கழகத்திலேயே நல்ல கேவிங் கிளப் இருக்கிறது. வருடத் தொடக்கத்தில் புதியவர்களைத் தேடுவார்கள், ஹெல்மெட், விளக்கு, உடை எல்லாம் இரவல் கிடைக்கும். சேர்ந்தால் காப்பீடும் அதோடு வந்துவிடும். எந்தச் சுரங்கம் என்று டெர்பிஷைர் கேவிங் அசோசியேஷனின் பட்டியலில் தேடுங்கள். யாருடைய நிலம், யாரிடம் கேட்க வேண்டும், எந்த மாதத்தில் போகக் கூடாது என்பதெல்லாம் பெரும்பாலும் அங்கே இருக்கும். போகிற வாரம் மறுபடி ஒருமுறை பாருங்கள், இந்த விவரங்கள் மாறிக்கொண்டே இருக்கும். 'பண்ணை வீட்டில் கேளுங்கள்' என்று எழுதியிருந்தால் உண்மையிலேயே கதவைத் தட்டிக் கேளுங்கள், ஆறு பேரும் கும்பலாகப் போய் நிற்காமல் ஒருவர் மட்டும் போங்கள். கட்டணம் கேட்டால் பேரம் பேசாமல் கொடுங்கள். பண்ணை முற்றத்தில் உடை மாற்ற வேண்டாம். கதவு திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விடுங்கள்.

எந்தக் குகை, எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வெளியில் இருக்கும் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். அந்த நேரம் தாண்டினால் அவர் 999-ஐ அழைத்து, முதலில் போலீஸ் வேண்டும் என்று சொல்லி, பிறகு குகை மீட்புக் குழுவைக் கேட்க வேண்டும். நேரே ஆம்புலன்ஸ் கேட்டால் அந்த அழைப்பு சுற்றிக்கொண்டுதான் மீட்புக் குழுவுக்குப் போகும். வெளியே வந்ததும் மறக்காமல் அவருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். அந்த மூடியையும் இறுக்கிப் போட்டுவிட்டு வாருங்கள்.